பீடியை நிறுத்த நர்ஸ் எப்படி உதவுவார்?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். விசைப்படகில் போகும் அப்பாவுக்கு 54 வயது. முப்பது வருடப் பீடிப் பழக்கம். காலையில் இருமிக்கொண்டே எழுகிறார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டரோ மாத்திரை எதுவும் தராமல், "வாரா வாரம் நர்ஸைப் பாருங்கள்" என்கிறார். பேசினால் பீடி நின்றுவிடுமா?

பதில்: அவசியம் அழைத்துப் போங்கள். "பீடியை விடுங்கள்" என்று சொல்ல டாக்டருக்கு ஒரு நிமிடம் போதும். எப்படி விடுவது என்று உட்கார்ந்து பேசுபவர் நர்ஸ்தான். அப்படிப் பேசுவதால் விடுபவர்கள் கூடுகிறார்கள் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

முதலில், எழுந்த எத்தனை நிமிடத்தில் பீடி பற்றவைக்கிறார் என்று கேட்பார். அரை மணிக்குள் என்றால் உடம்பு நிகோடினுக்கு (புகையிலையில் உள்ள, அடிமையாக்கும் பொருள்) நன்றாகவே பழகிவிட்டது. அப்புறம், எந்தப் பீடியை விடுவது கஷ்டம்? டீக்குப் பிறகா, வலை இழுத்து முடித்த பிறகா, கூட்டாளி நீட்டும்போதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வழியை அப்பாவையே யோசிக்க வைப்பார்.

நிறுத்தும் நாளையும் குறிப்பார்கள். என்னைக் கேட்டால், ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் நல்ல சமயம். 61 நாள் படகுக் கூட்டத்தை விட்டு விலகியிருக்கலாம், வாரம் தவறாமல் நர்ஸையும் பார்க்கலாம். தடைக்காலம் வர மாதக்கணக்கில் இருந்தால் காத்திருக்க வேண்டாம், இப்போதே தொடங்குங்கள்.

முதல் வாரம்தான் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். ஆனால் ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு நிகோடின் சூயிங்கம் வாங்கித் தருவார்கள். அதைச் சாதா சூயிங்கம் போல விடாமல் மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் வரும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். மெல்வதற்குக் கால் மணி முன்னாலிருந்தே டீ, காபி கூடாது.

நடுவில் ஒரு பீடி பிடித்துவிட்டால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பார், நர்ஸிடம் போவதையும் நிறுத்திவிடுவார். அந்த வாரம்தான் அவர் கட்டாயம் போக வேண்டிய வாரம்.

நிறுத்திய பின் சில வாரம் இருமல் கூடலாம். நுரையீரல் சளியை வெளியே தள்ளத் தொடங்குவதன் அடையாளம் அது. இழந்த மூச்சு முழுதும் திரும்பாது என்றாலும், மேலும் குறையும் வேகம் தணியும். கடலுக்குப் போகும் மனிதருக்கு அது பெரிய விஷயம்.

நேரில் போக முடியாத வாரத்தில் புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பதால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். சளியில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.