கட்டு, ராடு, மூட்டு: எலும்பு டாக்டரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்னை அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலை பத்து மணி முதல் வந்த கேள்விகளும் என் பதில்களும்.

வியாசர்பாடி, ஒரு அம்மா: டாக்டர், பையன் மாடிப்படியில விழுந்து முன்கை உடைஞ்சிடுச்சு. நேத்து நாட்டுக்கட்டு போட்டோம். ராத்திரி பூரா அழறான், விரலெல்லாம் வீங்கியிருக்கு. என்ன வலி மாத்திரை தரலாம்?

மாத்திரை வேண்டாம்மா. கட்டை இப்பவே பிரிச்சுட்டு, கைக்கு அடியில ஒரு அட்டையைத் தாங்கலா வெச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. மத்ததை வண்டியில படிச்சுக்கலாம்.

உடைஞ்ச இடம் முதல் ரெண்டு மூணு நாள் வீங்கத்தான் செய்யும். தப்பை வெச்சு இறுக்கிட்டா அந்த வீக்கத்துக்குப் போக இடமில்லை. சதையைச் சுத்தி விரியாத உறை ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள அழுத்தம் ஏறினா ரத்தம் நுழையாது. ஆறு மணி நேரம் அப்படியே போனா சதையும் நரம்பும் செத்துப்போக ஆரம்பிக்கும். விரலை நீங்க மெதுவா நிமிர்த்தினாலே அலறுறானா, விரல் மரத்துப்போச்சா? அதுதான் அறிகுறி. மணிக்கட்டுல நாடி துடிக்குதேன்னு நம்பாதீங்க, அது கடைசியிலதான் நிக்கும். தேவைப்பட்டா உறையைக் கீறித் திறந்துவிட்டு, சில நாள் கழிச்சு மூடுவாங்க. தாமதிச்சா விரல்கள் மடங்கி அப்படியே நின்னுடும். ஜெர்மன் டாக்டர் ஃபோல்க்மன் 1881லேயே எழுதிவெச்ச சங்கதி. ஒண்ணு சொல்லணும், நாங்க போடுற மாவுக்கட்டு இறுகினாலும் இதேதான். பழி நாட்டு வைத்தியருக்கு மட்டும் இல்லை.

அம்பத்தூர், 31 வயது: பைக் ஆக்சிடென்ட். கீழ்க்காலில் ராடு வைத்து ஒன்பது மாதமாகியும் எலும்பு கூடலை.

சிகரெட் உண்டா தம்பி? இருந்தா இன்னிக்கே நிறுத்துங்க, கூடாததுக்கு அதுவும் ஒரு காரணம். அடுத்து உள்ளே கிருமி இருக்கான்னு பார்க்கணும். கிருமி இல்லைன்னா தடிமனான ராடா மாத்தலாம், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து ஒட்டும் வைக்கலாம். எலும்பே குறைஞ்சிருந்தா காலைச் சுத்தி வெளியில வளையம் மாட்டி, கம்பியால எலும்போட இணைச்சு, எலும்பை வெட்டி மெதுவா நீட்டுவாங்க. சைபீரியாவின் குர்கன் நகரத்து டாக்டர் இலிசரோவ் கண்ட முறை. நாளுக்கு 1 மி.மீ., அதையும் கால் மி.மீ. வீதம் நாலு தடவையா வளையத்துத் திருகைத் திருகணும். 5 செ.மீ. நீள 50 நாள், அது கெட்டியாக இன்னும் பல மாசம். கம்பி நுழையற இடத்துல சீழ் வரும், தினம் துடைக்கணும். பொறுமை இல்லாதவங்களுக்கு நான் இதைச் சொல்றதில்லை.

மயிலாப்பூர், 68: முழங்கால் மாற்றச் சொல்கிறார்கள். சர்க்கரை உண்டு. சீழ் பிடிக்குமோ என்று பயம்.

நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குப் பிடிக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சொத்தைப் பல்லையும் கால் புண்ணையும் சரிபண்ணிட்டுத் தேதி வாங்குங்க. வீட்டுக்கு வந்தப்புறம் கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அது ரத்த உறைவா இருக்கலாம், உடனே போங்க.

தாம்பரம்: தாத்தாவுக்கு 84. இடுப்பு உடைஞ்சிருக்கு. "இந்த வயசுல ஆபரேஷனா?" என்கிறார் சித்தப்பா.

படுக்கப்போடுறதுதான் ஆபத்து. நெஞ்சுச் சளி, படுக்கைப் புண் ரெண்டும் காத்துக்கிட்டிருக்கும். உடம்பு தாங்கும்னு டாக்டர் சொன்னா ரெண்டு நாளுக்குள்ள முடிச்சு உட்கார வைங்க. சித்தப்பாவை என்கிட்ட பேசச் சொல்லுங்க.

வியாசர்பாடி அம்மா மறுபடியும்: கட்டைப் பிரிச்சுட்டோம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். பசிக்குதுங்கறான், இட்லி தரலாமா?

எதுவும் தராதீங்க, மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். கையை உயரத் தூக்காம நெஞ்சு மட்டத்துல வைங்க. எமர்ஜென்சில "நேத்து கட்டு போட்டது, வலி தாங்கலை"ன்னு முதல் வரியிலேயே சொல்லுங்க.