நாற்பது நாளுக்குப் பிறகு

அன்புள்ள அக்கா,

எனக்கு 33 வயது. இரண்டு பெண் குழந்தைகள், இரண்டுமே சிசேரியன். சின்னவளுக்கு இரண்டரை வயது ஆகியும் வயிறு உள்ளே போகவில்லை. தையல் போட்ட இடத்துக்கு மேலே சதை மடிந்து தொங்குகிறது. தொட்டால் மரத்துப்போய், வேறு யாருடைய உடம்பையோ தொடுவது போல இருக்கிறது. தொப்புளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வரிகள்.

தை மாதம் தம்பி கல்யாணத்தில், பந்தியில் எல்லார் முன்னாலும் ஒரு உறவுக்காரர் "என்ன, மறுபடியும் விசேஷமா? இந்தத் தடவை பையன்தான்" என்றார். அன்றைக்கே போட்டோகிராபரிடம் நான் இருக்கும் படங்களை ஆல்பத்தில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குளியலறைக் கண்ணாடிமேல் துண்டைப் போட்டுவிட்டுத்தான் குளிக்கிறேன். யூடியூப் பார்த்துத் தினமும் நூறு சிட்-அப் எடுக்கிறேன். முதுகுவலிதான் மிச்சம்.

பெரியவள் ஒருநாள் நான் புடவை மாற்றும்போது அந்த வரிகளைப் பார்த்து "இது என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல, போ" என்று விரட்டிவிட்டேன். உடம்பை நேசி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பிடிக்காததை எப்படி நேசிப்பது? பழைய உடம்பு திரும்ப வருமா?

ஒரு வாசகி, ஈரோடு

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் சிட்-அப்பை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

வயிற்றின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக இரண்டு தசைப் பட்டைகள் உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பிள்ளைக்கு இடம் விட்டு இரண்டும் விலகும். நடுவில் இருக்கும் இணைப்புத் திசு இழுபட்டு மெலிந்துவிடும். நிறையப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அந்த இடைவெளி தானாக மூடுவதில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தாலோ, தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் கூம்பு போல மேடு கிளம்பினாலோ, ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும். உங்கள் முதுகுவலிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்வார். உங்களுக்கென்று அவர் சொல்லித்தரும் பயிற்சியைச் செய்யுங்கள். இருமும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லக் கூச்சப்பட்டே பதினோரு வருஷம் ஓட்டினேன். கடைசியில் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கு மூன்று மாதப் பயிற்சியில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. அந்தப் பதினோரு வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

தையலுக்கு மேலே மரத்திருப்பது, அறுக்கும்போது தோலில் ஓடும் சின்ன நரம்புகளும் அறுபட்டதால். சிலருக்கு மாதங்களில் உணர்ச்சி திரும்பும், சிலருக்கு வருஷங்கள் ஆகும், சிலருக்கு ஒரு கை அகலம் அப்படியே நின்றுவிடும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். அன்றைக்கு உங்களோடு பந்தியில் உட்கார்ந்திருந்த இளம் தாய்மார்களில் எத்தனை பேருடைய புடவைக் கொசுவத்துக்குப் பின்னால் இதே தழும்பு இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

பழைய உடம்பு வருமா என்று கேட்டீர்கள். வராது. சுமார் எழுபது கிராம் இருந்த கருப்பை ஒரு கிலோவை ஒட்டி வளர்ந்து, பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி சுருங்கிக்கொள்கிறது. உங்கள் உடம்பு இதை இரண்டு தடவை செய்திருக்கிறது. தோலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அடியில் இருக்கும் நார்கள் அறுந்த இடம்தான் அந்த வரிகள். சிவப்பாக, ஊதாவாகத் தொடங்கி வெளுத்து நிற்கும். எந்த எண்ணெயும் க்ரீமும் அவற்றை அடியோடு எடுக்காது, காசைக் கொட்டாதீர்கள்.

என் மகன் பிறந்தபோது எங்கள் தெருப் பாட்டி ஒருவர் தினமும் வந்து என்னைக் குளிப்பாட்டினார். பின்கட்டில் மணை போட்டு உட்காரவைத்து, நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைச் சொம்பு சொம்பாக இடுப்பில் வீசி அடிப்பார். கண்ணைத் திறக்க முடியாதபடி ஆவி. அதற்கு முன்னால் ஒன்று செய்வார். ஈரக் கையை என் வயிற்றில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். "பச்ச ஒடம்பு, மெதுவாத்தான் ஆறும்" என்பார். அப்புறம் பழைய நூல் புடவையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுவார். நாற்பதாம் நாள் வெற்றிலை பாக்கு, புடவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வயிற்றை அப்படி யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. சோப்புப் போடும்போதுகூட அவசரமாக வழித்துவிட்டு வந்துவிடுவேன்.

நேசிக்கத் தெரியவில்லை என்கிறீர்கள். சரி, நேசிக்க வேண்டாம். அந்தப் பாட்டி என் வயிற்றை அழகு என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெரிய வேலை செய்து களைத்த ஒன்றைத் தொடுகிறோம் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த மரியாதையை நாற்பது நாளோடு முடித்துக்கொள்ள என்ன அவசியம்? ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் கொஞ்சம் தேங்காயெண்ணெயைக் கையில் சூடு பறக்கத் தேய்த்து அந்தத் தழும்புமேல் வையுங்கள். மரத்த இடத்தில் கை படுவது முதலில் விநோதமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கையை எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நற்றிணையில் 370ஆம் பாட்டு. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் மனைவியின் பக்கத்தில் கணவன் போகிறான். வீடெல்லாம் நெய்யும் ஐயவி என்ற வெண்கடுகும். 'அவ்வரித் திதலை' படர்ந்த முதுபெண்டு ஆகிவிட்டாய், தூங்குகிறாயா என்று கேட்டுக்கொண்டே ஒரு குவளைப் பூவை அவள் வயிற்றில் மெல்ல ஒற்றுகிறான். அவள் மொட்டு விரிவது போலச் சிரித்துக் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். திதலைக்குத் தேமல் என்று உரை சொல்வார்கள். பிள்ளை பெற்ற செய்தியோடு சேர்ந்து வருவதாலும், அழகிய வரி என்று அடைமொழி இருப்பதாலும், எனக்கு அவை உங்கள் வயிற்றிலும் என் வயிற்றிலும் இருக்கும் வரிகளாகவே தெரிகின்றன. ஊடலைப் பாடும் மருதத் திணையின் கணவன், பின்னால் அவள் கோபத்துக்கு ஆளாகிறவன்தான். ஆனால் அந்த வயிற்றில் பூவை வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. கலித்தொகையில் இன்னும் ஒரு படி மேலே போய், இளவேனில் தளிருக்கு ஈன்றவளின் திதலையை உவமை சொல்கிறார்கள்.

அந்த உறவுக்காரர் மறுபடி கேட்டால் "இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். சிரிக்க வேண்டாம், விளக்கம் தர வேண்டாம்.

பெரியவளைக் கூப்பிட்டு, அன்றைக்குக் கேட்டாயே என்று நீங்களே பேச்சை எடுங்கள். "நீ உள்ள இருந்து பெருசானப்ப வந்த கோடு" என்று சொல்லுங்கள். தொட்டுப் பார்க்கிறேன் என்றால் விடுங்கள். எந்தக் கோடு தன்னுடையது, எது தங்கச்சியுடையது என்று கேட்பாள். உங்களுக்கும் தெரியாது, அவளே பங்கு பிரிக்கட்டும்.

அப்புறம், தை மாதக் கல்யாணம் என்றால் போட்டோகிராபர் அந்தப் படங்களை இன்னும் அழித்திருக்க மாட்டார். ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா