அடுக்குக்குறியில் தடுமாறும் மகளுக்காகக் கடன் வாங்காதீர்கள்

மகளுக்கு அடுக்குக்குறி விதிகள் புரியவில்லை, கணக்கு வராத பிள்ளையைக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் எப்படிச் சேர்ப்பது, இரண்டு வருட கோச்சிங்குக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய விடைத்தாளைப் பார்த்தேன். 2⁻³ என்பதற்கு மைனஸ் 8 என்று எழுதியிருக்கிறாள், 16-இன் அடுக்கு 1/2-க்கு 8 என்று எழுதியிருக்கிறாள். இது கணக்கு வராத பிள்ளை செய்யும் தப்பு இல்லை, காரணம் சொல்லாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் யாரும் செய்யும் தப்பு. 2³ என்றால் மூன்று 2-களைப் பெருக்குவது, அதாவது 8; 2² என்றால் 4, 2¹ என்றால் 2. மேலே சின்னதாக எழுதும் எண்தான் அடுக்கு. அடுக்கு ஒன்று குறையக் குறைய விடை பாதியாகிறது, இல்லையா? அப்படியே கீழே இறங்கினால் 2⁰ என்பது 1, 2⁻¹ என்பது 1/2, 2⁻³ என்பது 1/8. அடுக்கில் வரும் மைனஸ் வகுக்கச் சொல்கிறது, விடையை மைனஸ் ஆக்கச் சொல்லவில்லை. பின்னமும் அப்படித்தான். பெருக்கும்போது அடுக்குகள் கூடும் என்பதால், அடுக்கு 1/2 உள்ள 16-ஐ அதனாலேயே பெருக்கினால் 1/2-ம் 1/2-ம் சேர்ந்து அடுக்கு 1 ஆகும், விடை 16 வர வேண்டும். தன்னைத் தானே பெருக்கி 16 ஆவது 4, எட்டு அல்ல. இதற்குப் பென்சிலும் ஒரு வாரமும் போதும்.

சித்தப்பா மகன் இன்ஜினியர் ஆகிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள், அது அவன் கதை. உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாக எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியம்: அடிபட்ட நாய்க்குட்டிகளைத் தூக்கிவந்து எடை போட்டு, என்ன சாப்பிட்டது என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறாள் என்று. கால்நடை மருத்துவம் பற்றி எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று விலங்கு ஊட்டச்சத்து அறிவியல், அதில் இவள் தடுமாறும் இதே பாடம் தினமும் வேலை செய்கிறது.

மேக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி 1932-இல் எலி முதல் காளை வரை ஒப்பிட்டு, ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றல் ஏறக்குறைய எடையின் 3/4 அடுக்கில் கூடுகிறது என்று காட்டினார். இன்றும் நாய், பூனைக்கு ஓய்வு நிலைத் தேவையைக் கணக்கிட, கிலோவில் எடையை எடுத்து அதன் அடுக்கு 3/4-ஐ 70-ஆல் பெருக்குகிறார்கள். ஒரு கிலோ குட்டிக்கு நாளுக்கு 70 கிலோ கலோரி. 16 கிலோ நாய்க்கு? அடுக்கு 3/4-இல் கீழே உள்ள 4 நான்காம் மூலத்தைக் கேட்கிறது: நான்கு முறை பெருக்கினால் 16 ஆவது 2. மேலே உள்ள 3 அதன் கனத்தைக் கேட்கிறது: மூன்று 2-களைப் பெருக்கினால் 8. அதை 70-ஆல் பெருக்கினால் 560. எடை 16 மடங்கு என்று உணவையும் 16 மடங்காக்கினால் 1120, அதாவது தேவையைப் போல இரண்டு மடங்கு! ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு என்று பார்க்க எடையால் வகுக்க வேண்டும்; வகுக்கும்போது அடுக்குகள் கழியும், ஆக 3/4-இல் 1 போக அடுக்கு மைனஸ் 1/4. அதனால் பெரிய நாய்க்குக் கிலோவுக்கு 35-தான், குட்டிக்கு 70. மைனஸ் அடுக்கும் பின்ன அடுக்கும் ஒரே கணக்கில் வந்துவிட்டன பாருங்கள்.

இந்தப் படிப்பு முடித்தவர்கள் கோழி, மாடு, மீன் தீவன ஆலைகளிலும் செல்லப்பிராணி உணவுத் தயாரிப்பிலும் உயிரியல் பூங்காக்களிலும் வேலை செய்கிறார்கள். மூலப்பொருளில் புரதம், தாது எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்ப்பது, பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று சோதிப்பது, செலவு கூடாமல் கலவை அமைப்பது எல்லாம் அவர்கள் வேலை. விலங்கு அறிவியலில் இளநிலை முடித்து முதுநிலையில் ஊட்டச்சத்து எடுப்பது ஒரு வழி, கால்நடை மருத்துவம் வழியாகவும் வரலாம். உயிரியலும் வேதியியலும் நன்றாகப் படிக்க வேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன்.

பண விஷயத்தில் கறாராக இருங்கள். முழுப் படிப்புக்கும் விடுதிக்கும் சேர்த்து என்ன ஆகும், போன வருடம் முடித்தவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். ஆரம்பச் சம்பளத்தில் கடன் தவணை கட்ட முடியாது என்றால், நான் சொன்ன படிப்பாகவே இருந்தாலும் அந்தக் கல்லூரி வேண்டாம்.

அவளிடம் இதை முடிவாகச் சொல்லிவிடாதீர்கள். 81 கிலோ நாய் ஒன்றுக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள், 1890 வர வேண்டும். பிடித்துப் போய் இன்னும் கேட்டால், ஒரு தீவன ஆய்வகத்துக்கு அழைத்துப் போங்கள். அவள் பார்த்துவிட்டு வரும்வரை கோச்சிங் சென்டரில் முன்பணம் கட்ட வேண்டாம்.