அப்பாவுக்கு 52, அண்ணனுக்கு 38... எனக்கு எப்போது?

கேள்வி: அப்பாவுக்கு 52 வயதில் ஹண்டிங்டன் என்ற மரபுவழி மூளை நோய் வந்தது. அண்ணனுக்கு 38 வயதிலேயே கை கால்கள் தாமாக அசையத் தொடங்கிவிட்டன. எனக்கு 30 வயது. கையிலிருந்து டம்ளர் நழுவினாலே பயமாக இருக்கிறது. எனக்கு இன்னும் சீக்கிரம் வந்துவிடுமா, டாக்டர்?

பதில்: அப்படி ஒரு கணக்கே கிடையாது. அப்பாவின் குறையுள்ள மரபணு உங்களுக்கு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு. வராமலிருக்கவும் அதே 50. அண்ணனுக்கு வந்துவிட்டது என்பதால் இது கூடவோ குறையவோ செய்யாது.

அண்ணனுக்கு ஏன் முந்திக்கொண்டது? 1993இல் கண்டறியப்பட்ட இந்த மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் துண்டு அடுத்தடுத்து வருகிறது. 26 முறை வரை இயல்பு. 36 முதல் 39 வரை என்றால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40 அல்லது அதற்கு மேல் என்றால் என்றேனும் வரும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் வரியைப் படியெடுப்பவர் எண்ணிக்கையைத் தவறவிடுவதுபோல, மரபணுவைப் படியெடுக்கும் செல்லும் இங்கே தடுமாறுகிறது. துண்டுகள் கூடித் தொடர் நீள்கிறது. நீளம் கூடக்கூட, பொதுவாக நோய் முந்துகிறது. விந்தணு உருவாகும்போது இந்த நீட்சி அதிகம். அதனால்தான் தந்தைவழியில் வரும்போது சில பிள்ளைகளுக்கு நோய் முன்கூட்டியே தலைகாட்டுகிறது.

எனக்குப் பெரும் நம்பிக்கை தருவது இதற்கு அடுத்த கட்டம். பிறந்த பிறகும் சில மூளைச் செல்களுக்குள் இந்தத் தொடர் நீண்டுகொண்டே போகிறது. பல ஆண்டுகள் மெதுவாக வளர்ந்து, 150ஐத் தாண்டிய பிறகே அந்தச் செல் சீர்குலைகிறது என்று 2025இல் அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவன, ஹார்வர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் எம்.எஸ்.எச்.3 என்ற புரதமே இந்த நீட்சிக்குத் துணைபோகிறது. அதைக் கட்டுப்படுத்தினால் நோயைத் தள்ளிப்போடலாம் என்ற நோக்கில் மருந்துகளை உருவாக்கி வருகிறார்கள். இன்று எழுதித்தர அப்படியொரு மருந்து என் கையில் இல்லை.

டம்ளர் யார் கையிலிருந்தும் நழுவும். அதை வைத்து நீங்களே நோயை முடிவு செய்யாதீர்கள். நரம்பியல் மருத்துவர் கண்ணசைவு, விரலசைவு, நடை ஆகியவற்றைப் பார்த்து அறிகுறி உண்டா என்று சொல்வார். ரத்தப் பரிசோதனை வேறு விஷயம். அது சொல்லும் சி.ஏ.ஜி. எண்ணிக்கை, நோய் தொடங்கும் ஆண்டைச் சொல்லாது. ஆகவே, மரபணு ஆலோசகரிடம் பேசாமல் ரத்தம் கொடுக்காதீர்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது உங்கள் உரிமை. வீட்டார் வற்புறுத்தக் கூடாது. குழந்தை பெறும் எண்ணமிருந்தால் அதையும் ஆலோசகரிடம் சொல்லுங்கள். உங்கள் பரிசோதனை முடிவை உங்களுக்கே தெரிவிக்காமல், கருவை மட்டும் பரிசோதிக்கும் முறைகளும் உள்ளன. போகும்போது அப்பா, அண்ணன் இருவரின் மரபணு அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.