பழைய பத்திரத்தின் ‘மும்மாகாணி’யும் 320 என்ற எண்ணும்

கேள்வி: கொள்ளுப்பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில், 4 ஏக்கர் தென்னந்தோப்பு நான்கு பேருக்கு அரை, கால், மும்மாகாணி, மாகாணி என்று பிரித்து எழுதப்பட்டுள்ளது. எங்கள் பங்கு மும்மாகாணி. அதற்கு ‘மூன்று மாவும் ஒரு காணியும்’ என்று சிலரும், ‘மூன்று மாகாணி’ என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். எது சரி? எத்தனை சென்ட் வரும்?

பதில்: இரண்டாவது பொருளே சரி. உங்கள் பங்கு பதினாறில் மூன்று, அதாவது 75 சென்ட். இதை நீங்களே சரிபார்க்க 320 என்ற எண் ஒன்றே போதும்.

தமிழ்ப் பின்னக் கணக்கில் முந்திரி என்பது ஒன்றை 320 கூறாக்கினால் வரும் ஒரு கூறு. அதற்கு மேற்பட்ட வழக்கமான பின்னங்கள் யாவும் முந்திரியின் முழு மடங்குகள் என்பதால், பின்னங்களைக் கூட்டும் வேலை சாதாரண எண்களைக் கூட்டும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. காணிக்கு 4 முந்திரி, மாவுக்கு 16, அரைக்காலுக்கு 40, காலுக்கு 80, அரைக்கு 160. இனி மாகாணியைப் பாருங்கள்: மா 16, காணி 4, இரண்டும் சேர்ந்து 20. 320இல் 20 என்பது பதினாறில் ஒன்று. பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கை வைத்திருக்கும் இந்தச் சொல்லை எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மாகாணிக்கு வீசம் என்றும் பெயர். ‘முக்காலே மூணு வீசம்’ என்று இன்றும் பேச்சில் சொல்கிறோமே, அந்த மூணு வீசம்தான் உங்கள் மும்மாகாணி: 60 முந்திரி. பத்திரத்துப் பங்குகளைக் கூட்டினால் 160, 80, 60, 20 சேர்ந்து சரியாக 320 வருகிறது. மூன்று மாவும் ஒரு காணியும் என்று கொண்டால் 52தான். 8 முந்திரி, அதாவது 10 சென்ட், யாருக்கும் சேராமல் நிற்கும். 400 சென்டில் ஒரு முந்திரி ஒன்றேகால் சென்ட் என்பதால், பங்குகள் முறையே 200, 100, 75, 25 சென்ட் ஆகின்றன.

ஏன் 320? இரண்டை ஆறு முறை பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் கிடைப்பது இந்த எண். பாதி பாதியாக 160, 80, 40, 20, 10, 5 என்று ஆறு முறை குறைத்தாலும் மிச்சம் விழாது. ஐந்தும் உள்ளே இருப்பதால் இருபதில் ஒன்றான மாவும் அடங்குகிறது. கால் வீசம் என்பது அறுபத்துநான்கில் ஒன்று. இருபது, அறுபத்துநான்கு இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் இதுவே. மூன்றால் இது மீதியின்றி வகுபடாது. ஆனால் உங்கள் 60 முந்திரியை மூன்று பேர் பிரித்துக்கொள்ள நேர்ந்தால், ஆளுக்கு ஒரு மாகாணி, 25 சென்ட், சிக்கலின்றி வரும்.

மா, காணி ஆகியவை நில அளவின் பெயர்களாகவும் வழங்கியவை. தஞ்சைப் பகுதியில் ஒரு மா என்பது 100 குழி, ஏறத்தாழ 33 சென்ட். எனவே அந்தப் பெயர்களுக்கு அருகில் ‘பங்கு’, ‘பாகம்’ என்று எழுதியிருக்கிறதா, ‘நிலம்’, ‘குழி’ என்று எழுதியிருக்கிறதா என்பதை மூலப் பத்திரத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்ற சான்றிட்ட நகலிலோ பார்த்த பிறகே அளவையரை அழையுங்கள்.