தியானமும் வயதான மூளையும்: கேள்வி பதில்

முதியோர் மனநல மருத்துவம் பார்க்கிறவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு 62 வயது. தியானம் செய்கிறவர்களின் மூளை ஏழு வயது இளமையாக இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா டாக்டர்?

அந்தச் செய்திக்கு மூலம் இருக்கிறது. ஐலீன் லூடர்ஸ் குழுவினர், பல வருடங்களாகத் தியானம் செய்துவந்த 50 பேரையும் செய்யாத 50 பேரையும் எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து ஒப்பிட்டார்கள். 2016-இல் வெளியான அவர்கள் கணக்குப்படி, 50 வயதில் தியானக்காரர்களின் மூளை ஏழரை வயது குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது ஒரு தடவை எடுத்த படம். இருபது வருடம் விடாமல் தியானத்தில் உட்கார்கிற மனிதர் சாப்பாடு, தூக்கம், புகை, மது எல்லாவற்றிலுமே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கக்கூடியவர். இளமைக்கு இதில் எது காரணம் என்று படம் சொல்லாது.

கேள்வி: அப்படியென்றால், தியானமே தெரியாத பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அப்புறம் மூளையைப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். வடமேற்கு பிரான்சின் கான் நகரில், 65 வயதைத் தாண்டிய 137 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 18 மாதம் தியானம், இன்னொரு குழுவுக்கு 18 மாதம் ஆங்கில வகுப்பு, மூன்றாவது குழு வழக்கம்போல இருந்தது. ஆங்கிலம் எதற்கு? வாரா வாரம் கிளம்பிப் போய் நாலு பேரோடு உட்கார்ந்து புதிதாக ஒன்று படிப்பதே நல்லதுதான். தியானத்தின் பங்கை அதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டுமே. கவனம், உணர்ச்சி சம்பந்தப்பட்ட இரண்டு மூளைப் பகுதிகளை அளந்தார்கள். பருமனிலும் ரத்த ஓட்டத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

முடிவு வெளியானது 2022-இல். அதே வருடம் அமெரிக்காவிலிருந்து இன்னொரு முடிவும் வந்தது. "முன்ன மாதிரி ஞாபகம் இல்லை" என்று சொன்ன, 65 முதல் 84 வயதுக்குட்பட்ட 585 பேர். தியானம் செய்தவர்களும் சரி, உடற்பயிற்சி செய்தவர்களும் சரி, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களும் சரி, சுகாதார வகுப்பில் மட்டும் உட்கார்ந்தவர்களை நினைவாற்றல் தேர்வில் முந்தவில்லை.

இதோடு விட்டால் பாதிக் கதை. பிரெஞ்சு ஆய்வில் கவனத்தைக் கையாள்வது, பிறர்மேல் பரிவு, தன் மனதைத் தானே கவனிப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் போட்ட மதிப்பெண்ணில் தியானக் குழு ஆங்கிலக் குழுவை முந்தியது. அதனால் மூளையை வளர்க்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். மனசுக்காக ஆரம்பியுங்கள், ஏமாற்றம் இருக்காது.

கேள்வி: அப்பாவுக்கு அல்சைமர் ஆரம்ப நிலை. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியான முகாமில் சேர்க்கச் சொல்கிறார் சித்தப்பா.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். அல்சைமரைத் தியானம் குணப்படுத்தியதாக எந்த ஆய்வும் இல்லை. நீங்கள் வேண்டுமானால் தினமும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பார்த்துக்கொள்கிறவருக்குத்தான் அது அதிகம் தேவைப்படும்.

கேள்வி: எனக்கு 58. தெரிந்தவர் பெயரே சட்டென்று வருவதில்லை. தியானம் தொடங்கலாமா?

தொடங்குங்கள். அதற்கு முன் பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்தக் குறைகளால் வரும் மறதி சிகிச்சையில் சரியாகக்கூடியது. காதையும் பரிசோதியுங்கள். டிமென்ஷியா என்கிற மறதி நோயின் வாய்ப்பைக் கூட்டும், ஆனால் நம்மால் மாற்ற முடிகிற 14 காரணங்களை 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் பட்டியலிட்டது. காது மந்தம், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு எல்லாம் அதில் உண்டு. சுகர் மாத்திரையை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் கண்மூடி உட்கார்வதில் பிரயோஜனமில்லை.

கேள்வி: ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை யோசனைதான். வயது 69.

தியானம் கைகொடுக்கிற இடம் இது. 2015-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தூக்கக் குறைவு உள்ள 49 பெரியவர்களிடம் சோதித்தார்கள். நல்ல தூக்கப் பழக்கங்களைப் பாடமாகக் கேட்டவர்களைவிட, ஆறு வாரம் தியானம் பழகியவர்களின் தூக்கம் நன்றாகத் தேறியது.

படுத்தபடியே செய்யலாம். கால் கட்டைவிரலில் மனதை வையுங்கள். சூடா, குளிரா, போர்வை உரசுகிறதா? அப்புறம் பாதம், கணுக்கால், ஆடுசதை என்று மெதுவாக மேலே வாருங்கள். முழங்கால் வருவதற்குள் மனம் பென்ஷன் அரியருக்கோ பேத்தியின் கல்யாணத்துக்கோ ஓடிவிடும். ஓடட்டும், திட்டாமல் முழங்காலுக்குக் கூட்டி வாருங்கள். அந்தக் கூட்டி வருவதுதான் பயிற்சி. நடுவில் மணி பார்க்காதீர்கள். பார்த்ததும் "இன்னும் எத்தனை மணி நேரம் தூங்கலாம்" என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

கேள்வி: தினமும் ஜெபமாலை சொல்கிறேன். தனியாகத் தியானம் வேறு கற்க வேண்டுமா?

வேண்டாம் என்பேன். 2001-இல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை லத்தீனில் மரியே வாழ்க ஜெபமும் ஒரு யோக மந்திரமும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களும் அந்தத் தாளத்தோடு இணைந்தன. சகஸ்ரநாமமோ திக்ரோ, நிதானமாகச் சொன்னால் மூச்சு தானாக நீளும். சீரியலைப் பார்த்துக்கொண்டே மணியை உருட்டினால் நான் பொறுப்பில்லை.

கேள்வி: சம்மணம் போட முட்டி விடவில்லை.

நாற்காலி போதும். பாதம் தரையில் படியட்டும்.

கேள்வி: கண்ணை மூடினாலே படபடக்கிறது. பத்து நாள் மௌன முகாமுக்குப் போனால் சரியாகுமா?

இப்போதைக்குப் போகாதீர்கள். தினம் பத்து மணி நேரம் பேச்சில்லாமல் உட்கார்வது எல்லோருக்கும் ஒத்துவராது. சிலருக்குப் பதற்றம் கூடும், பழைய துயரம் மேலே வரும். முன்பு மனச்சிதைவோ கடுமையான மனச்சோர்வோ வந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சேரவே கூடாது. கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, மொட்டைமாடியில் மெதுவாக நடந்து, உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். அதிலும் படபடத்தால் முதலில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.