25 எச்பி டிராக்டர் ஹைட்ராலிக்ல லாக் ஸ்ப்ளிட்டர் ஓட்டலாமா?

வாசகர் கேள்வி இதுதான். அவர்கிட்ட 25 எச்பி காம்பாக்ட் டிராக்டர் இருக்கு, முன்னாடி லோடர் உண்டு, பின்னாடி ரிமோட் வால்வ் (வெளி கருவிக்கு ஆயில் எடுத்துத் தர்ற வால்வ்) கிடையாது. இன்ஜின் போன பழைய லாக் ஸ்ப்ளிட்டர் (ஹைட்ராலிக் சிலிண்டரால ஆப்பைத் தள்ளி கட்டையைப் பிளக்குற மெஷின்) ஒன்னு கைக்கு வந்திருக்கு, 125 மிமீ போர் (உள் விட்டம்) சிலிண்டர், 600 மிமீ ஸ்ட்ரோக் (ராடு போற தூரம்), கன்ட்ரோல் வால்வும் அதுலயே இருக்கு. லோடர் பக்கெட்டுக்குப் போற ரெண்டு ஹோஸைக் கழட்டி இதுல மாட்டிட்டா போதுமா, கட்டையைப் பிளக்குற அளவுக்கு பலம் வருமான்னு கேக்குறார்.

பலம் வரும், அதுல கவலையே வேணாம். ஆனா நீங்க கேக்காம விட்ட ஒன்னுதான் எனக்கு முக்கியமா படுது: ஸ்ப்ளிட்டர்ல இருந்து வெளிய வர்ற ஆயில் எந்த வழியா டேங்குக்குத் திரும்பும்? இந்த மெஷின் வருஷக்கணக்கா ஓடுறதும் முதல் நாளே வால்வ் பாடி விரிசல் விடுறதும் அதைப் பொறுத்துதான்.

முதல்ல பலம். பிரஷரை பிஸ்டன் பரப்போட பெருக்கினா தள்ளுற விசை வந்துடும். உங்க டிராக்டர் ரிலீஃப் வால்வ் (பிரஷர் அளவு தாண்டினா திறந்து ஆயிலை வழிய விடுறது) 170 பார்னு எழுதியிருக்கீங்க, 125 மிமீ பிஸ்டனுக்கு அது கிட்டத்தட்ட 21 டன், கணு விழுந்த கட்டைக்கே தாராளம். வேகம்தான் குறைவா இருக்கும், ஏன்னா வேகத்தைத் தர்றது பிரஷர் இல்ல, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருதுங்கிறது. நீங்க புரோஷரைப் பாத்து சொன்ன 34 லிட்டர் ஸ்டீயரிங் பம்ப்பையும் சேர்த்த மொத்தக் கணக்கு, இம்ப்ளிமென்ட்டுக்கு, அதாவது மாட்டுற கருவிக்கு வர்றது 22 லிட்டர்தான்னு அதே புரோஷர்ல கீழ போட்டிருக்கு பாருங்க. அந்த சிலிண்டர் முழுசா நிரம்ப 7.4 லிட்டர் வேணும், அப்போ போக 20 செகண்டு, ராடு 60 மிமீன்னு வெச்சா திரும்பி வர 15 செகண்டு, ஆக ஒரு சுத்துக்கு 35. தனி இன்ஜின் வெச்சு வர்ற ஸ்ப்ளிட்டர்ல ரெண்டு ஸ்டேஜ் பம்ப் இருக்கும், லோடு இல்லாதப்போ நிறைய ஆயிலும் கட்டையில அழுத்தும்போது கம்மி ஆயிலுமா மாத்திக்கும், அதனாலதான் அது சட்டுனு போய் வருது. டிராக்டர் கியர் பம்புக்கு அந்த வசதி இல்ல. 100 மிமீ சிலிண்டர் மாத்தினா 22, 23 செகண்டுக்கு வந்துடும், விசை 13.6 டன்னா குறையும், நேரான நார் உள்ள மரத்துக்கு அது போதும். சிலிண்டர் மாத்த மனசில்லைன்னா கட்டை நீளத்துக்கு மேல பின்னால இழுக்காதீங்க, 400 மிமீ கட்டைக்கு ஆப்பை 450ல நிறுத்தினாலே கால்வாசி நேரம் மிச்சம்.

இப்போ லோடர் ஹோஸ் விஷயம். உங்களோடது ஓபன் சென்டர் சிஸ்டம்னுதான் நினைக்கிறேன், காம்பாக்ட்ல பெரும்பாலும் அதுதான், மேனுவல்ல ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க. ஓபன் சென்டர்னா வேலை இல்லாதப்பவும் பம்ப் ஆயிலைத் தள்ளிக்கிட்டே இருக்கும், அது வால்வுக்குள்ள புகுந்து சுத்திட்டு டேங்குக்குப் போயிட்டே இருக்கணும். பக்கெட் ஹோஸை ஸ்ப்ளிட்டர் வால்வுல மாட்டினா ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கமா கட்டி வெச்சாதான் ஆயில் வரும், சிலபேர் ரப்பர் பெல்ட் போட்டு கட்டி ஓட்டுறாங்க. யாராவது கை தட்டி அது எதிர்ப்பக்கம் போச்சுன்னா முழு 170 பாரும் வால்வோட டேங்க் போர்ட் வழியா உள்ள ஏறும், அந்தப் பக்கம் அவ்வளவு பிரஷரைத் தாங்குறதுக்கு செஞ்சது கிடையாது, சீல் பிதுங்கும் இல்ல காஸ்டிங்கே விரியும். வால்வையே எடுத்துட்டு சிலிண்டரை நேரா லோடர் ஹோஸ்ல மாட்டி சீட்ல உக்காந்து ஜாய்ஸ்டிக்ல ஓட்டலாம்னும் தோணும், தயவுசெஞ்சு வேணாம். கட்டை வைக்கிறவர் கை ஒரு இடத்துல, லீவர் இன்னொருத்தர் கையில, விரல் போறது இப்படித்தான். கட்டை வைக்கிறவரும் லீவர் பிடிக்கிறவரும் ஒரே ஆளா இருக்கணும்.

நான் சொல்றது இது. லோடர் வால்வோட பவர் பியாண்ட் லைன்ல (அந்த வால்வைத் தாண்டி அடுத்த வால்வுக்கு ஆயில் போற லைன்), பின்னாடி கருவியைத் தூக்குற மூணு பாயின்ட் லிஃப்டுக்கு முன்னாடி, லீவர் லாக் ஆகி நிக்கிற மாதிரி ஒரு ரிமோட் வால்வ் போடுங்க, அதுலயும் பவர் பியாண்ட் போர்ட் தனியா இருக்கணும். அங்க இருந்து பிரஷர் ஹோஸ் ஸ்ப்ளிட்டருக்கு. ரிட்டர்ன் ஹோஸ் அந்த ரிமோட்டுக்கே திரும்பாம நேரா டிரான்ஸ்மிஷன் கேஸுக்கு (கியர்பாக்ஸ் கூடு, ஆயில் டேங்க் அதுதான்) போகட்டும், டிராக்டர் கம்பெனி ரிட்டர்னுக்குன்னு விட்டிருக்கிற போர்ட் எதுன்னு மேனுவல்ல பாருங்க. ரிட்டர்ன் ஹோஸ் ஒரு சைஸ் பெருசா இருக்கணும், ஏன்னா ராடு உள்ள வரும்போது பம்ப் தர்ற 22 லிட்டர் சிலிண்டரோட மறுபக்கத்துல இருந்து 28க்கு மேல வெளிய தள்ளும். ஹோஸை மாட்டிக் கழட்டுற கப்ளரும் அந்தப் பக்கம் வேற சைஸ்ல போட்டா மாத்தி மாட்டவே முடியாது. அந்தக் கப்ளர் சரியா க்ளிக் ஆகாம அரைகுறையா நின்னா வழி அடைச்சுப்போய் டேங்க் போர்ட்லயே பிரஷர் ஏறும், அதனால ஒவ்வொரு தடவையும் காலரைக் கையால இழுத்துப் பாத்துட்டுதான் ரிமோட்டை ஆன் பண்ணணும். வேலை முடிஞ்சா முதல்ல ரிமோட்டை நியூட்ரல், அப்புறம்தான் ஹோஸைக் கழட்டுறது.

ஸ்ப்ளிட்டர் ஓடுற நேரம் பின்னாடி லிஃப்டுக்கு ஆயில் போகாது, ஸ்ப்ளிட்டரை லிஃப்ட்ல தொங்கவிட்டிருந்தா மெதுவா இறங்கும், அதனால தரையில ஸ்டாண்ட் போட்டு நிக்க வைங்க.

சூடு பத்தியும் சொல்லிடுறேன். கணுவுல ஆப்பு மாட்டி நின்னுச்சுன்னா இன்ஜின் சத்தம் கனத்து, வால்வ் பக்கம் கீச்னு ஒரு இரைச்சல் கேக்கும், அது ரிலீஃப் திறந்த சத்தம். அந்த நேரத்துல 22 லிட்டரும் 170 பார்ல சும்மா வழியுது, கணக்குப் போட்டா 6 கிலோவாட்டுக்கு மேல, அத்தனையும் ஆயில்ல சூடாத்தான் சேரும். உடனே லீவரை விட்டு கட்டையைத் திருப்பி வைங்க, இன்ஜின் ஆர்பிஎம் ஏத்தினா விசை அதிகமாகாது. அந்த ஆயில்தான் உங்க கியர்பாக்ஸுக்கும் டிராக்டர் ஹைட்ரோஸ்டாட்டிக்கா (கியருக்குப் பதிலா ஆயில் பம்பால ஓடுற வகை) இருந்தா அந்த பம்புக்கும் போகுது, அதனால பழைய சிலிண்டரைக் கழுவாம மாட்டவே மாட்டாதீங்க, ரிட்டர்ன் லைன்ல ஒரு ஃபில்டரும் போடுங்க.

இதெல்லாம் பண்ணியும் மெதுவாத்தான் இருக்குன்னு தோணினா பிடிஓ பம்ப் (டிராக்டர் பின்னாடி சுத்துற ஷாஃப்ட்ல மாட்டுற பம்ப்) நல்ல வழி, தனி டேங்க், டிராக்டர் ஆயிலைத் தொடவே வேணாம். 170 பார்ல 40 லிட்டருக்கு பிடிஓல சுமார் 18 எச்பி தேவைப்படும், உங்க டிராக்டர்ல அது கிட்டத்தட்ட முழு பலம், அதுக்கு மேல பெரிய பம்ப் வாங்காதீங்க. அதுல அதே சிலிண்டர் 20 செகண்டுல போய் வந்துடும்.

முதல் தடவை ஓட்டும்போது கட்டை வைக்காம நாலஞ்சு தடவை முழுசா போய் வர விடுங்க, காத்து வெளியேறும், அப்புறம் ராடை உள்ள இழுத்து இன்ஜினை நிறுத்தி ஆயில் லெவல் பாருங்க, புதுசா மாட்டின சிலிண்டரும் ஹோஸும் நிரம்பினதுல பல லிட்டர் குறைஞ்சிருக்கும். கசிவு தேடும்போது கையை வெச்சு தடவிப் பாக்காதீங்க, அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க. ஊசி ஓட்டை வழியா வர்ற ஆயில் தோலுக்குள்ள ஏறிடும், வெளிய சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, ஆனா சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலைன்னா விரலோ கையோ போயிடும், அப்படி ஒன்னு நடந்தா ஹைட்ராலிக் ஆயில் உள்ள ஏறிடுச்சுன்னு சொல்லி அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.